பந்தி ஹாலில் கை தட்டிப் பாருங்கள்: வீட்டு மிக்ஸிங்கில் ரிவெர்ப்

வீட்டிலேயே பாட்டு ரெகார்ட் பண்ணி மிக்ஸ் செய்கிறவர்களின் முதல் பாட்டைக் கேட்டால், பெரும்பாலும் இரண்டு ரகத்தில் ஒன்றாக இருக்கும். குரல் மொட்டையாக, காதை ஒட்டி நின்று பாடுவதாகக் கேட்கும். இல்லையென்றால் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவதுபோல இருக்கும். மொட்டையாக இருக்கிறதே என்று, மிக்ஸிங் மென்பொருளில் எதிரொலி சேர்க்கும் கருவியான ரிவெர்ப் பிளக்-இன்னைத் திறந்து, 'லார்ஜ் ஹால்' என்ற பிரீசெட்டைப் போட்டு, குமிழைப் பாதிக்கு மேல் திருப்பியதும் முதல் ரகம் இரண்டாம் ரகமாக மாறிவிடுகிறது. நடுவில் இருக்கும் இடத்தைப் பிடிக்க விலை கூடிய பிளக்-இன் எதுவும் வேண்டாம். ரிவெர்ப் என்ன வேலை பார்க்கிறது என்பது பிடிபட்டால் போதும்.

செட்டிநாட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இதைக் கற்றுக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எந்த ஊருக்குப் போனாலும் பெரிய வீடு ஒன்று இருக்கும். பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கும். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் பங்காளிகள் கூடும்போதுதான் திறப்பார்கள். சாவி வைத்திருப்பவரைத் தெரிந்தால் ஒருநாள் உள்ளே போய், பந்தி போடும் ஹாலின் நடுவில் நின்று ஒரே ஒரு தடவை பலமாகக் கை தட்டுங்கள். பிளக்-இன்னில் இருக்கும் எல்லாக் குமிழ்களும் அந்த ஒரு தட்டலுக்குள் இருக்கின்றன.

கை தட்டியதும் நடப்பது மூன்று. முதலில் தட்டலின் சத்தம் நேராகக் காதுக்கு வருகிறது. அடுத்து, பக்கத்துச் சுவர், தரை, கூரை ஆகியவற்றில் ஒரு முறை பட்டுத் திரும்பும் சத்தங்கள் தனித்தனியாக, ஆனால் மிக நெருக்கமாக வருகின்றன. இவற்றை 'எர்லி ரிஃப்ளெக்‌ஷன்' என்பார்கள், முதல் எதிரொலிகள். நம் ஊர் வெயிலில் ஒலி செகண்டுக்குச் சுமார் 350 மீட்டர் ஓடும். அதாவது ஒரு மில்லி செகண்டுக்கு 35 சென்டிமீட்டர். அதனால் சுவர் எவ்வளவு தூரம் என்பதைக் காது இந்த இடைவெளியிலிருந்தே கணக்குப் போட்டுவிடும். மூன்றாவது, எங்கெங்கோ பட்டுப் பட்டுத் திரும்பிய ஆயிரக்கணக்கான சத்தங்கள் ஒன்றாகக் கலந்து, இழுத்துக்கொண்டே போய் அடங்கும் வால். பொதுவாக ரிவெர்ப் என்று நாம் சொல்வது இந்த வாலைத்தான். ஆனால் இடத்தின் அளவைக் காட்டிக்கொடுப்பதில் அதற்கு முன்னால் வருகிற முதல் எதிரொலிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. புதிதாக மிக்ஸ் செய்கிறவர்கள் வாலைத் திருகிக்கொண்டே இருப்பார்கள். முன்பகுதியைத் தொடவே மாட்டார்கள்.

அந்த ஹாலில் வால் ஏன் அவ்வளவு நீளம்? சுற்றிப் பார்த்தாலே தெரியும். தரையில் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து எடுப்பதால் கண்ணாடியின் வழுவழுப்பு அப்படியே கல்லுக்கு வந்திருக்கும். சுவரில் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு. கையை வைத்தால் பளிங்குபோல வழுக்கும். இப்படிப்பட்ட பரப்புகள் தம்மேல் படும் ஒலியில் 100-க்கு 2, 3 பங்கைத்தான் விழுங்கும். மிச்சம் முழுவதையும் திருப்பி அனுப்பிவிடும்.

இதைக் கணக்காக்கிக் கொடுத்தவர் வாலஸ் சபீன். 1895-ல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேசினால் எதுவும் புரியாத ஒரு விரிவுரை ஹாலைச் சரிசெய்யும் பொறுப்பு இளம் ஆசிரியரான அவரிடம் வந்தது. பக்கத்துத் தியேட்டரிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து, ஹாலில் கொஞ்சம் கொஞ்சமாக அடுக்கி, ஆர்கன் குழாயை ஊதிவிட்டு, சத்தம் அடங்கும் நேரத்தை அளந்தார். காலி ஹாலில் ஐந்தரை செகண்டுக்கு மேல் இழுத்ததாம். சத்தம் 60 டெசிபல் இறங்க எடுக்கும் நேரத்தைத்தான் இன்று ஆர்டி60 என்கிறோம். பிளக்-இன்னில் 'டீக்கே' என்று இருப்பது இதுதான். சபீனின் சூத்திரம் எளிது: அறையின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, அறை விழுங்கும் பரப்பால் வகுக்க வேண்டும்.

சுமாரான ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். நீளம் 12 மீட்டர், அகலம் 6, உயரம் நாலரை. கன அளவு 324 கனமீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 306 சதுரமீட்டர். எல்லாமே 100-க்கு 3 பங்கு விழுங்குவதாக வைத்தால் விழுங்கும் பரப்பு சுமார் 9 சதுரமீட்டர். வகுத்துப் பார்த்தால் 5.7 செகண்ட் வருகிறது. இப்போது நான்கு கதவுகளைத் திறந்துவிடுங்கள். ஒவ்வொன்றும் 2 சதுரமீட்டர் என்றால் மொத்தம் 8. திறந்த கதவு வழியே போன ஒலி திரும்பி வராது, எனவே அந்த 8 சதுரமீட்டரும் முழுக்க விழுங்கும் பரப்பு. கணக்கு 3 செகண்டுக்குக் கொஞ்சம் மேலாக இறங்கிவிடும். பத்துப் பேர் உள்ளே வந்து உட்கார்ந்தால் இரண்டரைக்கும் கீழே போகும். நிஜ வீட்டில் தூண், அலமாரி, ஜன்னல் எல்லாம் இருப்பதால் எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் கதவைத் திறந்து ஒரு தட்டல், மூடி ஒரு தட்டல் என்று கேட்டால் வித்தியாசம் காதிலேயே தெரிகிற அளவுக்குப் பெரிது.

அப்புறம் அப்படியே நடந்து வளவுக்கு, அதாவது நடு முற்றத்துக்கு வாருங்கள். அதே கல், அதே பூச்சு, சுற்றிலும் தூண்கள். ஆனால் கை தட்டினால் முதல் எதிரொலிகள் பளிச்சென்று கேட்கும், வால் இருக்காது. மேலே வானம் திறந்திருக்கிறது, மேலே போன ஒலி போனதுதான். ஒரே வீடு, ஒரே பொருள்கள். கூரை இருப்பதும் இல்லாததும் இரண்டையும் வேறு வேறு இடமாக்கிவிடுகிறது. மிக்ஸிங்கில் 'பெரிய இடமாகத் தெரிய வேண்டும், ஆனால் வார்த்தை குழம்பக் கூடாது' என்று கேட்பவர்களுக்கு என்னுடைய பதில் இந்த வளவுதான்: முதல் எதிரொலிகளைக் கூட்டுங்கள், வாலைக் குறையுங்கள். பல பிளக்-இன்களில் இந்த இரண்டுக்கும் தனித்தனி அளவு இருக்கிறது.

தூரம்தான் விஷயம்

ரிவெர்ப் கேட்பவருக்குச் சொல்கிற முக்கியமான செய்தி தூரம். பாடுகிறவர் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்பதைக் காது இரண்டு வழியில் கண்டுபிடிக்கிறது. ஒன்று, நேர்ச் சத்தத்துக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதம். கிட்டே இருந்தால் நேர்ச் சத்தம் அதிகம். தள்ளிப்போகப் போக நேர்ச் சத்தம் குறையும், ஆனால் ஹால் முழுக்க நிரம்பிய வால் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

இரண்டாவதை நிறையப் பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். அது ப்ரீ-டிலே, அதாவது நேர்ச் சத்தத்துக்கும் எதிரொலி தொடங்குவதற்கும் நடுவில் உள்ள இடைவெளி. இடைவெளி கூடினால் ஆள் தூரமாகப் போவார் என்று தோன்றும். உண்மையில் கிட்டே வருவார். அதே 6 மீட்டர் அகல ஹாலின் நடுவில் பாடகர் உங்களுக்கு ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறார் என்று வையுங்கள். பக்கச் சுவரில் பட்டு வரும் சத்தம் நேர்ச் சத்தத்தைவிட 5 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும், அதாவது சுமார் 15 மில்லி செகண்ட் தாமதம். அவரே 10 மீட்டர் தள்ளிப் போய் நின்றால் இரண்டு பாதைக்கும் வித்தியாசம் 2 மீட்டர்கூட இல்லை. 5 மில்லி செகண்டுக்குள் எதிரொலி வந்துவிடும். ஆகவே குரல் முன்னால் நிற்க வேண்டும் என்றால் ப்ரீ-டிலேயை 30 முதல் 60 மில்லி செகண்ட் வரை வைக்கலாம். கோரஸ், ஸ்டிரிங்ஸ் மாதிரிப் பின்னால் நிற்க வேண்டியவற்றுக்கு 0 முதல் 10. இந்த ஒரு மாற்றத்திலேயே பாதி மிக்ஸ்கள் தெளிந்துவிடும்.

பழைய ஒலிப்பதிவில் இதற்குக் குமிழே கிடையாது. மைக் ஒன்றுதான், பாடுகிறவர் கிட்டே, பக்கவாத்தியம் தள்ளி என்று ஆட்களை நிறுத்தித்தான் அளவு பிடித்தார்கள். ஏ.வி. மெய்யப்பன் 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டு, 1948-ல் அதைச் சென்னைக்குக் கொண்டுபோனார். தமிழ் சினிமாவின் ஒரு கட்டம் நம் ஊர்ப் புழுதியில்தான் நடந்தது. அந்தத் தலைமுறை செய்ததை நாம் இன்று ஸ்கிரீனில் செய்கிறோம். யாரை எங்கே நிறுத்துவது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிளக்-இன்னைத் திறப்பதுதான் முறை. 'குரல் ஒரு மீட்டரில், வீணை மூன்று மீட்டரில், கோரஸ் ஹாலின் கடைசியில்' என்று ஒரு காகிதத்தில் படம் போட்டுக்கொண்டால்கூடத் தப்பில்லை.

முதலில் எதிரொலி இல்லாமல் பதிவு செய்யுங்கள்

பந்தி ஹால் அழகாக ஒலிக்கிறது என்பதற்காக அங்கேயே மைக்கை வைத்துக் குரலைப் பதிவு செய்துவிடாதீர்கள். பதிவோடு ஒட்டிவிட்ட வாலை அப்புறம் முழுசாகப் பிரித்தெடுக்க முடியாது. சின்ன அறையில் வேறு பிரச்சினை. மைக்குக்கு ஒரு மீட்டரில் சுவர் இருந்தால் 6 மில்லி செகண்டில் எதிரொலி வந்து நேர்ச் சத்தத்தோடு மோதும். சில சுருதிகள் தடிக்கும், சில காணாமல் போகும், குரல் டப்பாவுக்குள் இருப்பதுபோல ஆகிவிடும். அதன் மேல் எந்த ரிவெர்ப் போட்டாலும் டப்பாவைத் தூக்கி ஹாலில் வைத்த மாதிரிதான் கேட்கும்.

இதற்கு ஸ்டுடியோ ஃபோம் வாங்க வேண்டும் என்பதில்லை. பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் பஞ்சு மெத்தை ஒன்றை நிமிர்த்தி வையுங்கள். முன்பக்கச் சத்தத்தையே அதிகம் பிடிக்கும் கார்டியாய்டு மைக் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைப்பதும் உதவும். தரையில் கனமான ஜமுக்காளம். முட்டை அட்டை ஒட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள், அது மேல் ஸ்தாயியைக் கொஞ்சம் மழுப்புவதைத் தவிர எதையும் செய்வதில்லை.

எந்த ரகம்?

பிளக்-இன்னில் ரூம், சேம்பர், பிளேட், ஸ்பிரிங், ஹால் என்று பெயர்கள் இருக்கும். ரூமும் ஹாலும் அறையைப் போலச் செய்பவை. சேம்பர் என்றால் ஒரு காலி அறையில் ஸ்பீக்கரும் மைக்கும் வைத்து, பாட்டை அங்கே ஒலிக்கவிட்டு எதிரொலியோடு திரும்பப் பிடிப்பது. சிகாகோவில் பில் புட்னம் 1947-ல் இதற்காகக் குளியலறையைப் பயன்படுத்தியது பிரபலம். பிளேட் 1957-ல் ஜெர்மனியிலிருந்து வந்தது. இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் அரை மில்லிமீட்டர் இரும்புத் தகட்டைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி அதிரவைப்பார்கள். பெட்டியோடு 250 கிலோவுக்கு மேல் கனம். அறை எதுவும் இல்லாததால் பிளேட்டில் தெளிவான முதல் எதிரொலிகள் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே வால் அடர்த்தியாக வந்துவிடும். அதனால்தான் குரலுக்கு அது அவ்வளவு பொருந்துகிறது: இடத்தைப் பற்றி அதிகம் பேசாமல் பளபளப்பை மட்டும் கொடுக்கும். ஸ்பிரிங் ரகம் கிட்டாருக்கு, அதுவும் பழைய வாடை வேண்டுமென்றால். டிஜிட்டல் ரிவெர்புக்கு வழிபோட்டவர் பெல் லேப்ஸில் இருந்த மான்ஃபிரெட் ஷ்ரோடர், 1960-களின் தொடக்கத்தில். இன்று லேப்டாப்பில் ஓடும் பிளக்-இன்களில் பலவும் அவர் சொன்ன வழியில் வளர்ந்தவைதான்.

ஆரம்பத்தில் இரண்டே போதும். எல்லா வாத்தியத்தையும் ஒரே வீட்டுக்குள் உட்கார வைக்க ஒரு குட்டி ரூம், அரை செகண்டிலிருந்து முக்கால் செகண்ட் வரை. குரலுக்கென்று ஒரு பிளேட், ஒன்றேகால் முதல் 1.8 செகண்ட் வரை. ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு ரிவெர்ப் என்று பத்துப் போட்டால் பத்துப் பேரும் பத்து வீட்டில் உட்கார்ந்து வாசிப்பதாகத்தான் கேட்கும். ரீப்பர் என்ற ரெகார்டிங் மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அதனுடனே ரியாவெர்பேட் வருகிறது. இலவசமாக டிராகன்ஃபிளை ரிவெர்பில் ரூம், ஹால், பிளேட் எல்லாம் இருக்கின்றன. வல்ஹல்லா சூப்பர்மாசிவும் இலவசம்தான், எல்லோரும் அதைத்தான் முதலில் இறக்குவார்கள். அது வானத்தில் மிதக்கிற ரகம். குரலுக்கு அதைத் தொடாதீர்கள்.

போடும் விதம்

பிளக்-இன்னைக் குரல் டிராக்கின் மேலேயே போடாமல், தனியாக ஒரு டிராக் உருவாக்கி அதில் போடுங்கள். இதைத்தான் பஸ் என்கிறார்கள். அந்தப் பிளக்-இன்னில் 'வெட்' (எதிரொலி) முழு அளவில், 'டிரை' (நேர்ச் சத்தம்) சுத்தமாகப் பூஜ்யம். குரல் டிராக்கிலிருந்து 'சென்ட்' வழியாக வேண்டிய அளவு அனுப்புங்கள். இப்போது குரல் ஒரு ஃபேடரில், எதிரொலி இன்னொரு ஃபேடரில் என்று தனித்தனியாகக் கையில் இருக்கும். எதிரொலியை மட்டும் ஈக்யூ செய்யலாம் (ஸ்தாயி வாரியாக ஏற்றி இறக்கலாம்), நறுக்கலாம், ஒரு வரிக்கு மட்டும் ஏற்றலாம். ரிவெர்ப் நன்றாக அமைந்த மிக்ஸ்களில் வேலை நடப்பது பெரும்பாலும் இந்தப் பஸ்ஸில்தான்.

முதல் வேலை ஈக்யூ. ரிவெர்புக்கு முன்னால், கீழே உள்ளதை வெட்டும் ஒரு ஹை-பாஸ், 300 ஹெர்ட்ஸில் தொடங்கிப் பாருங்கள். மேலே உள்ளதை வெட்டும் ஒரு லோ-பாஸ், 6 கிலோஹெர்ட்ஸில். லண்டன் அபே ரோடு ஸ்டுடியோவில் ரிவெர்புக்குப் போகிற சிக்னலை 600 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் வெட்டும் வழக்கம் இருந்தது; 600 என்றால் ரொம்ப அதிகம் என்று தோன்றும், போட்டுப் பார்த்தால் பாட்டு மெலியாது. கிணற்றுச் சத்தம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் 200 முதல் 500 ஹெர்ட்ஸுக்குள் எதிரொலி குவிந்து கிடப்பதுதான். மேல்பக்கம் வெட்டுவதற்கும் காரணம் உண்டு. நிஜ இடத்தில் துணியும் ஆட்களும் காற்றும் உச்ச ஸ்தாயியை முதலில் தின்றுவிடும். பிளக்-இன்னில் அது சரியாக அமையாவிட்டால் 'ஸ்', 'ஷ்' எல்லாவற்றையும் சீறவிடும். ஈக்யூவோடு, அந்தச் சீறலைக் குறைக்கும் டீ-எஸ்ஸர் ஒன்றும் ரிவெர்புக்கு முன்னால் இருந்தால் நல்லது.

டீக்கே, ப்ரீ-டிலே இரண்டையும் பாட்டின் காலப்பிரமாணத்தோடு பொருத்தினால் எதிரொலி தாளத்தில் இடறாது. 60,000-ஐ பிபிஎம் எண்ணால் (நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பது) வகுத்தால் ஒரு தட்டின் நீளம் மில்லி செகண்டில் கிடைக்கும். 80 பிபிஎம் பாட்டுக்கு 750. அதில் பதினாறில் ஒரு பங்கு சுமார் 47 மில்லி செகண்ட், குரலுக்கு நல்ல ப்ரீ-டிலே. இரண்டு தட்டு 1,500 மில்லி செகண்ட், அதுவே டீக்கே. சட்டம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், தொடங்குவதற்கு ஒரு நல்ல இடம்.

தமிழ்க் குரலுக்கு ஏன் குறைவாக வேண்டும்

யூடியூபில் ரிவெர்ப் சொல்லித்தருகிறவர்களில் பலர் ஆங்கிலப் பாட்டை வைத்து எண்கள் சொல்வார்கள். அதை அப்படியே எடுத்துப் போட்டால் நமக்கு உதைக்கும். தமிழில் 'பாடு' வேறு, 'பாட்டு' வேறு; 'படம்' வேறு, 'பட்டம்' வேறு. 'பாடு', 'பாட்டு' இரண்டையும் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். 'ட்ட' வருகிற இடத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு செகண்டில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் காற்று அடைபட்டே இருக்கும். அந்த மௌனம்தான் இரண்டு சொல்லையும் பிரிக்கிறது. க்க, ச்ச, த்த, ப்ப எல்லாமே இப்படித்தான். நம் எதுகைகள் பாதிக்குப் பாதி இந்த இடைவெளிகளில் உட்கார்ந்திருக்கின்றன.

இப்போது டீக்கே 2 செகண்ட் என்று வைத்தால், 60 டெசிபல் இறங்க 2 செகண்ட். அந்தப் பத்தில் ஒரு செகண்டில் எதிரொலி இறங்குவது வெறும் 3 டெசிபல். மௌனமாக இருக்க வேண்டிய இடம் முழுக்க முந்தைய உயிரெழுத்தின் வால் நிரம்பி நிற்கும். டீக்கேயை ஒரு செகண்டாகக் குறைத்தாலும் 6 டெசிபல்தான் இறங்கும். ஆகவே நீளத்தைக் குறைப்பது மட்டும் காப்பாற்றாது. எதிரொலியின் அளவைத்தான் குறைக்க வேண்டும். அல்லது 'டக்கிங்' செய்ய வேண்டும்: ரிவெர்ப் பஸ்ஸில் ஒரு கம்ப்ரசரை, அதாவது சத்தத்தைத் தானாக இறக்கும் கருவியைப் போட்டு, எப்போது இறக்குவது என்று அதற்குச் சொல்லும் சைட்செயினுக்குக் குரலை அனுப்புங்கள். குரல் ஒலிக்கும்போது எதிரொலி 3 முதல் 6 டெசிபல் வரை பதுங்கும், வரி முடிந்ததும் எழும். எதிரொலி மீண்டும் எழ எடுக்கும் நேரமான ரிலீஸ் 200 மில்லி செகண்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அதைவிட வேகமாக இருந்தால் ஒவ்வொரு 'ட்ட'விலும் எதிரொலி எட்டிப் பார்க்கும், போட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

கமகமும் இப்படித்தான். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும்போது, நீளமான வாலில் பழைய ஸ்வரமும் புதிய ஸ்வரமும் ஒன்றாக ஒலிக்கும். மேல்நாட்டு சர்ச்சுகளில் பாடும் கூட்டிசைக்கு அது அழகு. அந்தக் கட்டடங்களுக்குள் வளர்ந்த இசை அது. பிருகா உருள்கிற குரலுக்கு மேல் 3 செகண்ட் ஹாலைப் போட்டால் பாடகர் உழைத்ததெல்லாம் ஒரே கூழாகிவிடும். மெதுவான விருத்தமென்றால் கொஞ்சம் தாராளமாக விடலாம், அதுவும் வரிகளுக்கு நடுவில்.

வாத்தியங்களில் மிருதங்கத்தைக் கவனியுங்கள். வலந்தலைக்குக் கொஞ்சம் ரூம் போட்டால் உயிர் வரும். தொப்பிக்கு (இடது பக்கம்) போட்டால் அடிப்பக்கம் முழுக்கச் சேறாகும். இரண்டு மைக் இருந்தால் தொப்பியை ரிவெர்புக்கு அனுப்பவே வேண்டாம். ஒரே மைக் என்றால் ஹை-பாஸை 400 வரை ஏற்றுங்கள். வீணை என்றால் காரைக்குடிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, சுப்பராம ஐயர், சாம்பசிவ ஐயர் சகோதரர்கள் வாழ்ந்த ஊர். ஆனால் இன்று வீட்டில் பதிவு செய்கிறவர்கள் பெரும்பாலும் கான்டாக்ட் மைக்கை ஒட்டித்தான் எடுக்கிறார்கள். அதில் காற்றே இல்லை, வெறும் மர அதிர்வு. அதற்கு வால் உதவாது, முதல் எதிரொலிகள்தான் வேண்டும்: அரை செகண்ட் ரூம், முன்பகுதி அதிகமாக. நாகஸ்வரம் தானாகவே கூர்மையான ஒலி. அதன் ரிவெர்பை 4, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுங்கள். தம்பூராவுக்கு எதுவும் வேண்டாம்.

எவ்வளவு போதும்?

சென்டைக் கீழிருந்து மெதுவாக ஏற்றி, எதிரொலி இருக்கிறது என்று தெரிகிற இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து 2, 3 டெசிபல் இறக்குங்கள். பிறகு பஸ்ஸை மியூட் செய்து பாருங்கள். மியூட் செய்ததும் பாட்டு சட்டென்று சுருங்கியதாகத் தோன்றினால் அளவு சரி. தனியாக சோலோ போட்டுக் கேட்டு அளவு வைக்காதீர்கள். வெறும் குரலோடு கேட்கும்போது கனமாகத் தெரிவது, மற்ற வாத்தியங்கள் வந்ததும் காணாமல் போகும்; பயந்து ஏற்றிவிடுவோம். ஹெட்ஃபோனிலும் ஸ்பீக்கரிலும் எதிரொலி ஒரே அளவாகத் தெரியாது, அதனால் இரண்டிலும் கேளுங்கள். கடைசியாக போன் ஸ்பீக்கரில், மோனோவில். அகலமாகப் பரப்பிய ரிவெர்ப் மோனோவில் குறைந்து தெரிவது இயல்பு. குறைவது பரவாயில்லை, குரலின் நிறம் மாறினால்தான் பிளக்-இன்னின் 'விட்த்' அளவைக் குறைக்க வேண்டும். திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் போடப்போகிற பாட்டு என்றால் ரிவெர்பைப் பாதியாக்கிவிடுங்கள், மிச்சத்தைத் தெரு பார்த்துக்கொள்ளும்.

அந்த ஹாலையே லேப்டாப்புக்குக் கொண்டுவரலாம்

கன்வல்யூஷன் ரிவெர்ப் என்று ஒன்று உண்டு. ஓர் இடத்தில் ஒரு சின்ன வெடிச்சத்தம் எப்படி ஒலிக்கிறது என்று பதிவு செய்து கொடுத்தால், எந்தக் குரலையும் அந்த இடத்தில் பாடியதாக மாற்றிக்கொடுக்கும். அந்தப் பதிவுக்குப் பெயர் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ். ரீப்பரில் ரியாவெர்ப் இதைச் செய்யும்.

தேவை ஒரு பாக்கெட் பலூன், ஒரு ஊசி, கையடக்க ரெகார்டர். பாடகர் நிற்க வேண்டிய இடத்தில் பலூனை வெடியுங்கள், கேட்பவர் உட்காரும் இடத்தில் ரெகார்டரை வையுங்கள். சத்தம் உச்சத்தைத் தொட்டு உடையாத அளவுக்கு லெவலைக் குறைத்துக்கொள்ளுங்கள். பலூன் நினைப்பதைவிடப் பலமாக வெடிக்கும். "யாருப்பா அங்க, பட்டாசு வெடிக்கிறது?" என்று உள்ளேயிருந்து ஆச்சி சத்தம் போட்டால் "நாந்தான் ஆச்சி, பலூனு" என்று சொல்லிவிட்டு, ஆச்சியின் குரல் அடங்கியதும் அடுத்ததை வெடியுங்கள். போனில் எடுப்பதாக இருந்தால் ஜாக்கிரதை: பல போன்களின் சாதாரண வாய்ஸ் ரெகார்டர் சத்தத்தைத் தானாக ஏற்றி இறக்கும், இரைச்சலை நீக்குகிறேன் என்று வாலையும் சேர்த்து நறுக்கிவிடும். ஃபேனை அணையுங்கள். வளவில் புறாக்கள் இருந்தால் ராத்திரிதான் சரி. கதவு மூடி ஒன்று, திறந்து ஒன்று என்று இரண்டையும் எடுத்து வாருங்கள், 5 செகண்டும் 3 செகண்டும் வேறு வேறு பாட்டுக்கு ஆகும்.

வீட்டுக்கு வந்து, வெடிப்புக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தைச் சுத்தமாக வெட்டுங்கள். வால் இரைச்சலோடு கலக்கிற இடத்திலிருந்து ஃபேட்-அவுட் கொடுங்கள். விட்டுவைத்தால் பாட்டின் ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் அந்த இரைச்சலும் சேர்ந்து வரும். இன்னும் சுத்தமாக வேண்டுமென்றால் பலூனுக்குப் பதில் ஸ்பீக்கரில் அடிஸ்தாயியிலிருந்து உச்சம் வரை ஏறும் ஸ்வீப் ஒலியை ஓடவிட்டுப் பதிவு செய்யலாம். ஆஞ்செலோ ஃபாரினா என்ற இத்தாலியர் 2000-ல் வெளியிட்ட முறை அது. ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருள் ஸ்வீப்பை ஓட்டிப் பதிவு செய்து, இம்பல்ஸை வேவ் ஃபைலாக வெளியே எடுத்தும் கொடுக்கும்.

எடுத்த ஹாலை மேலே சொன்ன அதே பஸ்ஸில், அதே ஈக்யூவோடுதான் போட வேண்டும். நிஜ ஹால் என்பதால் சலுகை கிடையாது. சுண்ணாம்புச் சுவர் 300 ஹெர்ட்ஸில் குவிப்பதைப் பிளக்-இன்னைவிட நன்றாகவே குவிக்கும்.

மிக்ஸ் முடிந்து ரெண்டர் செய்யும்போது, அதாவது பாட்டை ஒரே ஃபைலாக எடுக்கும்போது ஒன்று. பாட்டின் கடைசி அடி முடிந்த இடத்திலேயே ஃபைலும் முடிந்தால் எதிரொலி டக்கென்று அறுந்துபோகும். ரீப்பரின் ரெண்டர் ஜன்னலில் 'டெயில்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை டிக் செய்து, டீக்கேயைவிடக் கூடுதலாக ஓர் எண் கொடுங்கள். குரலுக்கு 1.5 செகண்ட் பிளேட் என்றால் 3,000 மில்லி செகண்ட் போதும், பந்தி ஹால் இம்பல்ஸ் என்றால் 6,000 வையுங்கள்.